ஃபயர்வால் விதிகள் திடீரென மாயமா? ஹேக்கர் வேலைதானா?

நேற்று போட்ட ஃபயர்வால் விதி இன்று காணோம். ஈக்காட்டுத்தாங்கல் ஐடி அலுவலகங்களில் சர்வர் பார்ப்பவர்களை இப்படியொரு காலை பதற வைத்துவிடும். ஆனால், காரணம் பெரும்பாலும் ரொம்ப சாதாரணம்.

ஏன் அழிகிறது?

லினக்ஸில் 'ஐபிடேபிள்ஸ்' கட்டளையில் சேர்க்கும் விதிகள் மெமரியில் மட்டுமே இருக்கும். தனியாகச் சேமிக்காவிட்டால், ரீபூட் ஆனதும் போச்சு. 'ஃபயர்வால்டி'யில் 'பெர்மனென்ட்' என்று குறிப்பிடாத விதி, ரீலோட் செய்தாலே காணாமல் போய்விடும்.

என்ன செய்யலாம்?

விதியை மீண்டும் போட்டுச் சேமியுங்கள். பிறகு, ரீபூட், ரீலோட் நடந்த நேரத்தை லாக்கில் பாருங்கள். எதுவும் பொருந்தவில்லையா? அப்போதுதான் ஊடுருவலைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊடுருவல் என்றால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்பிடம் சொல்லியாக வேண்டும். 180 நாள் லாக்கும் கையில் இருக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் உத்தரவு. எனவே, பதற்றத்தில் லாக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள்!