வாசல் ஆணியில் தொங்கும் சாவி

ஞாயிறு மாலையில் வைகை அணைக்குப் போகும் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மீசை அரும்பாத பையன் ஒருவன் அப்பாவின் பைக்கை முறுக்கிக்கொண்டு வருவான். பின்னால் கூட்டாளிகள் இரண்டு பேர். தனியாகக் கடைக்குப் போய்வரும்போது நிதானமாக ஓட்டுகிறவன்தான். கூட்டாளிகள் ஏறியதும் வேகமும் ஏறிவிடுகிறதே, எப்படி?

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டெயின்பர்க் குழுவினர் இதைச் சோதித்தார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்து, விளையாடுகிறவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்வயதினர் மட்டும் கூடுதலாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மூளையில் இன்பத்தைத் தேடும் பகுதி நண்பர்கள் முன்னிலையில் பதின்வயதினரிடம் அதிகமாகத் தூண்டப்பட்டதும் தெரிந்தது. 2011-இல் வெளியான ஆய்வு இது.

அணையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். வைகை அணையின் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. பதின்வயது மூளையிலோ ஆசையின் வரத்து பெருகிவிடுகிறது, ஷட்டர் வேலை இன்னும் முடியவில்லை. விளைவை எண்ணி நிறுத்தும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும்.

அதுவரை ஷட்டர் யார் பொறுப்பு? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் கைகாட்டுகிறது. 18 வயது நிறையாதவர் வண்டியால் குற்றம் செய்தால் அவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

பிள்ளை செய்த தப்புக்கு அப்பனுக்குத் தண்டனையா என்று கேட்கத் தோன்றும். தேரை ஏற்றிக் கன்றைக் கொன்ற மகனையே தண்டித்த மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தேரை மகன் கையில் கொடுத்தது யார் என்ற கேள்வி அந்தக் கதையில் எழவில்லை. இன்றைய சட்டம் அதைத்தான் கேட்கிறது. மகனின் தப்பைத் தந்தை தலையில் கட்டுவதல்ல அதன் நோக்கம். சாவியைக் கொடுத்தது தந்தையின் தப்பு என்கிறது.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று வாயால் சொன்னால் போதாது. நீங்கள் சம்மதித்தே கொடுத்ததாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய கவனமெல்லாம் எடுத்தீர்கள் என்றோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே இன்று இரவு வண்டிச் சாவியை வாசல் ஆணியில் மாட்டுவதற்கு முன்னால், அந்த ஆணி யார் யார் கைக்கு எட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.