ஊவாவின் தீயும் ஒற்றையடிப் பாதையும்

ஆடி, ஆவணி மாதங்களில் நாளிதழ்களை ஊன்றிப் படிப்போர் ஊவாவிலிருந்து வரும் ஒரு சிறு செய்தியை ஆண்டு தவறாமல் கண்டிருப்பர். பதுளை மாவட்டத்தில் இன்ன மலையிலே தீப் பரவிற்று. இத்தனை ஏக்கர் எரிந்துபோயிற்று. பலத்த காற்றினால் தீயணைக்கும் பணி தடைப்பட்டது. தீ மூட்டியோர் இனந்தெரியாதோர். நான்கே வாக்கியங்கள். ஊரின் பெயரையும் ஏக்கர்க் கணக்கையும் மாற்றிவிட்டால் சென்ற ஆண்டின் செய்தியை இவ்வாண்டும் அச்சிடலாம். அந்த நாலாவது வாக்கியத்தைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றேன். பிறப்பால் நான் மட்டக்களப்பான். ஆசிரியத் தொழிலால் மலைநாட்டுக்கு வந்தவன். அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே பெண் கொண்டவன். ஆகஸ்ட் விடுமுறை வந்தால் என் பிள்ளைகளுக்குத் தாத்தா வீடுதான் உலகம். ஆதலின், அந்தத் தீயின் அயலிலே உண்டும் உறங்கியும் இருக்கின்றேன்.

முதலிற் காற்றைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலே பிறந்தவர்களுக்குக் கச்சான் காற்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடற்காற்றையும் உள்ளே வரவிடாது, மேற்கிலிருந்து அனலாக வீசி, உதட்டை வெடிக்கச் செய்யும் காற்று அது. வெப்பம் நூறு பாகை பரனைற்றை எட்டிவிடும். உலக வானிலை அகராதிகளிலும் அதற்குத் தமிழ்ப் பெயரே நிலைத்திருக்கிறது என்பது நாம் சிறிது பெருமைப்படத்தக்க சங்கதி. சிறுவயதில் அக்காற்றின் வாலை மட்டுமே நான் அறிந்திருந்தேன். அதன் தலையைக் கண்டது அப்புத்தளை மலைமுகட்டிலேதான். தென்மேல் பருவக்காற்று தன் நீரையெல்லாம் அட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளிலே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் வெறுங்கையோடு இறங்குகின்றது. இறங்க இறங்கச் சூடேறுகின்றது. மேற்கே முகில் சுவர் வைத்தாற்போல் நிற்கும். கிழக்கே வானம் துடைத்துவைத்த கண்ணாடி. ஒரே மலையின் ஒரு முதுகு நனைந்து கொண்டிருக்க, மறுமுதுகு காய்ந்துகொண்டிருக்கும்.

காயும் அம்முதுகிலே விரிந்து கிடப்பதுதான் பத்தனை. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து, ஆடி பிறந்ததும் வைக்கோல் நிறம் கொள்ளும். சிட்ரனெல்லா எண்ணெய் எடுக்கும் புல்லுக்கு இது நெருங்கிய உறவு. கசக்கி முகர்ந்தால் வாசனை தெரியும். எண்ணெய்ப் பசையுள்ள புல் எப்படி எரியும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இடையிடையே நெல்லியும் வேங்கையும் நிற்கும். இன்னும் தாழ்ந்த பிபிலைப் பக்கத்து வெளிகளிலே கடுக்காயும் தான்றியும் சேர்ந்துகொள்ளும். தடித்த பட்டையால் தீயைத் தாங்கிப் பழகிய மரங்கள் இவை. நம் வைத்தியர்கள் தரும் திரிபலாச் சூரணத்தின் மூன்று காய்களும் இப்படி நெருப்போடு வாழப் பழகிய நிலத்திலேயே விளைகின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

இப்புல்வெளி இயற்கையாய் அமைந்ததா, மனிதன் இட்ட தீயினால் உண்டானதா என்பது பழைய வழக்கு. 1899இல் பியர்சன் என்னும் தாவரவியலாளர் பத்தனைகளைப் பற்றி எழுதிய காலந்தொட்டு, 1951இல் ஹோம்ஸ் இலங்கைப் புல்நிலங்களைப் பற்றி எழுதிய காலமும் கடந்து அவ்வழக்கு நீள்கின்றது. அதைத் தீர்க்க நான் முற்படவில்லை. ஆனால் இன்றைய தீயைப் பற்றிச் சந்தேகமில்லை. ஊவாவிலே இடிமின்னல் மழையோடு வருவது. சித்திரையிலும் ஐப்பசியிலும் வருவது. ஆவணி வெயிலிலே ஒரு பத்தனை எரிகின்றதென்றால் அதற்கு முன்னே ஒரு மனிதக் கை இருந்திருக்கவேண்டும்.

அந்தக் கை யாருடையது? வேட்டைக்காரனுடையதாக இருக்கலாம், உருளைக்கிழங்குப் பாத்திக்கு நிலம் துப்புரவாக்கியவனுடையதாக இருக்கலாம், மலைமேல் கூடாரமடித்துச் சோறாக்கிய பட்டணத்து இளைஞனுடையதாகவும் இருக்கலாம். வெறும் விளையாட்டுக்கு வைப்பவர்களும் உண்டு. ஆனால் இவர்களுக்கெல்லாம் முந்திய, இவர்களைவிட நம் இரக்கத்துக்குரிய ஒரு கை உண்டு. அது மாடு வளர்ப்பவனின் கை.

என் மாமனார் வீட்டிலே இரண்டு பசுக்கள் நின்றன. கொழுந்துச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் போய்விடும். பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, ரியூசன் காசு யாவும் பாற்காசு. விடியுமுன் மாமியார் பால் கறந்து, பால் சேகரிக்கும் இடத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டே மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்வார். ஆவணியிலே இந்தச் சக்கரம் தடுமாறும். முற்றிய மானாவை மாடு மோந்தும் பாராது. அதன் ஓரம் நாக்கை அறுக்கும். அதே புல்லைக் கொளுத்திவிட்டால், கருகிய குத்திலிருந்து சில கிழமைகளுக்குள் இளந்தளிர் கிளம்பும். பனி ஈரமே அதற்குப் போதும். ஒரு தீக்குச்சியின் விலையிலே ஒரு மாதத்துத் தீனி! இக்கணக்கைப் போட்டுப் பார்க்கின்ற ஏழையை 'விஷமி' என்ற ஒரு சொல்லால் அடக்கிவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது.

மாமனார் இதை மறைக்கின்றவரல்லர். சிறுவனாயிருந்தபோது நெருப்புப் பெட்டியைக் கொடுத்து அனுப்பியவர் அவருடைய தகப்பனாரே. ஆனால் அந்நாட் கொளுத்தலுக்கு ஒரு முறை இருந்ததாம். புல் பாதி பச்சையாய் இருக்கும்போதே வைப்பார்கள். பொழுது சாய்ந்து காற்று ஓய்ந்தபின் வைப்பார்கள்.

"மேல இருந்து கீழ தான் மாப்பிள்ளை வைக்கணும். கீழ இருந்து மேல வச்சா அது நெருப்பு இல்ல, பேய்" என்பார்.

நூலறிவும் இதற்கு உடன்பட்டே நிற்கின்றது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கைக்கணக்கு. பின்னர் 1970களிலும் 1980களிலும் பத்தனைகள் பலவற்றிலே பைன் மரங்கள் நடப்பட்டன. பைனின் உதிர்ந்த ஊசியிலை காய்ந்த பஞ்சு மெத்தை. அதிலே பழைய முறை செல்லாது. மாமனார் தீக்குச்சியைக் கைவிட்டது அக்காலத்திலேதான்.

இனிப் பாதைக்கு வருகின்றேன். விடுமுறையிலே நாங்கள் தார் வீதியிற் செல்வதில்லை. மாமனார் முன்னே, பிள்ளைகள் நடுவே, நான் கடைசியிலே. தேயிலைக்குள் நுழைந்து, யூக்கலிப்டஸ் தோப்பைத் தாண்டி, பத்தனையின் விளிம்பிலே முகடுவரை செல்லும் ஒற்றையடிப் பாதை எங்களுடையது. அவர் கையில் எப்போதும் ஒரு சுரண்டி இருக்கும். நடந்துகொண்டே பாதைக்குள் சாயும் புல்லைச் செதுக்கித் தள்ளுவார். முதுமையின் பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள் என் மகள்தான் கவனித்தாள்: பாதைக்கு மேலே புல் பொன்னிறம், பாதைக்குக் கீழே நிலம் கரி. முந்திய வாரத்துத் தீ, ஒன்றரை அடி அகலமான வெறும் மண்ணிலே வந்து, அதற்குமேல் தின்ன எதுவுமின்றி அவிந்திருந்தது. காற்று ஓய்ந்திருந்த வேளை போலும். காற்றோடு வரும் தீக்கு இது தடையாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆயினும் அணைக்க வருகின்றவன் காலூன்றி நிற்க இடம் தருவது அந்த ஒன்றரை அடிதான்.

முன்பு அப்பாதையிலே கடைக்குச் சென்றார்கள், பள்ளிக்கூடம் சென்றார்கள், பிரேதமும் சுமந்தார்கள். கால்கள் தேய்த்ததால் புல் முளைக்கவில்லை. முச்சக்கரவண்டி வந்தபின் கால்கள் குறைந்தன, புல் மூடிற்று. அண்மைக்காலத்திலே கண்டியிலிருந்து நுவரெலியாவரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேலாக, இருபத்திரண்டு கட்டங்களாக வகுக்கப்பட்ட 'பெக்கோ ட்ரெயில்' என்னும் நடைவழி அப்புத்தளை, எல்ல ஆகிய இடங்களையும் தொட்டுச் செல்கின்றது. பழைய தோட்டப் பாதைகள் சிலவற்றுக்கு அதனால் மீண்டும் கால்கள் கிடைத்திருக்கின்றன. அதனை நான் வரவேற்கின்றேன். ஜீப்பையும் மோட்டார் சைக்கிளையும் காய்ந்த புல்லுக்குள்ளே ஏற்றி இறக்கும் வீரர்களை அவ்வாறு வரவேற்க மனம் வரவில்லை. சூடேறிய புகைக்குழாய்க்குக் கீழே மானாப்புல் கிடந்தால் என்னாகும் என்பதை அவர்கள் எண்ணுவதாகத் தெரியவில்லை.

நடப்போரும் ஒன்றை அறிந்திருத்தல் நலம். 2018 மார்ச் 11ஆம் திகதி, தமிழகத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிலே நடைப்பயணம் சென்றிருந்தோரைச் சரிவிலே காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தியை வாசித்துக் காட்டியபோது மாமனார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு பிள்ளைகளை அழைத்து, நெருப்பைக் கண்டால் மேலே ஓடக்கூடாது, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம் இருந்தால் அதற்குள் போய் நிற்கவேண்டும் என்று மும்முறை சொல்லச் செய்தார்.

2016 ஆகஸ்டிலே எங்கள் மலை எரிந்தது. நண்பகலில் யூக்கலிப்டஸ் தோப்புக்கு அப்பால் புகை. பிறகு மூங்கில் வெடிப்பது போன்ற ஓசை. லயத்துப் பெண்கள் நனைத்த சாக்குகளோடு ஏறினர். முதியவர்கள் பாதையின் ஓரத்திலே, வருகின்ற தீக்கு எதிராகச் சிறு தீயை மூட்டினர். வரும் தீ உண்பதற்குரிய புல்லை அதற்கு முன்னரே எரித்துவிடும் உபாயம் அது. லயங்கள் தப்பின. பாதை மூடிக்கிடந்த மேற்பகுதியிலே தீ தாவி, ஊற்றுக்கண்ணைச் சூழ்ந்திருந்த மரங்களை எரித்தது. ஐப்பசி மழை வந்தபோது சாம்பலும் மண்ணும் சேற்றாறாக இறங்கின. அடுத்த மாசியிலே எங்கள் பீலி வற்றிப்போக, பெண்கள் தண்ணீருக்கு அரைமைல் நடந்தார்கள். பத்திரிகையிலே வழக்கமான நான்கு வாக்கியங்கள் வந்தன. இனந்தெரியாதோர்! லயத்திலே அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டிலும் ஒரு மாடு நின்றது. அவன் மனைவியும் அதே அரைமைல் நடந்தாள். பொலிசார் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டம் நூறாண்டு கடந்தும் திருத்தங்களோடு நின்று நிலவுகின்றது. ஆனால் தீனியில்லாத பசுவுக்குச் சட்டம் விடைகூறாது. மாமியார் கண்ட விடை வேறு. அடுக்களைக் கழிவுநீர் ஓடும் கானோரத்திலே கோ-3 என்னும் தீவனப்புல்லின் தண்டுகளை வாங்கி நட்டார். ஒரு மாட்டுக்கு அது போதும், மற்றதை விற்றுவிட்டார்கள். விற்ற நாளிலே அவர் சாப்பிடவில்லை. இன்று லயத்திலே ஏழு வீட்டுக் கானோரங்களிலே அப்புல் நிற்கின்றது. 'அவன்' வீடும் அதிலொன்று.

பாதையின் மேற்பகுதி இன்னும் மூடியே கிடக்கின்றது. எண்ணூறு யார் தூரம். பத்துப் பேருக்கு இரண்டு நாள் வேலை. பைனுக்குள்ளே போகும் பகுதியைத் தொட அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு உரியவர்கள் இன்னும் பதில் தரவில்லை. தேயிலைப் பக்கத்தையாவது கச்சான் எழுமுன் செதுக்கிவிடலாம் என்கிறார் மாமனார். பதினொரு சுரண்டி சேர்ந்திருக்கின்றன, மாம்பட்டிதான் போதாது.