ஒரு பூஞ்சை, ஒரு பேங்க், நம்ம சம்பளம்

இலங்கைன்னா நமக்கு டீதான் ஞாபகம் வரும். ஆனா 1860-களில் அது உலகின் முன்னணி காபி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. மயிலாப்பூர்ல டிகாக்‌ஷன் போடுற நம்மில் பலருக்கே இது தெரியாது!

1869-ல் காபிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது. காரணம் ஒரு பூஞ்சை. இலை உதிர்ந்தது, காய்ப்பு குறைந்தது, இருபது வருஷத்துக்குள்ள அந்தத் தொழிலே படுத்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து சீசனுக்கு காபி பறிக்கப் போனவங்களுக்கு வேலை இல்லை. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884-ல் மூடப்பட்டது. வேறு நஷ்டங்களும் இருந்தாலும், காபிக் கடன் அதுக்குப் பெரிய அடி. அந்த பேங்க் அச்சடித்த நோட்டுகளுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. அதாவது, காபித் தோட்டம் பக்கமே போகாதவர் கையில் இருந்த பணமும் ஆடிப்போனது.

தீவைக் காப்பாற்றியது தேயிலை. கண்டி பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வெறும் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டது 1867-ல். கவனிங்க, நோய் வருவதற்கு 2 வருஷம் முன்னாடி!

ஆனா ஒரே பயிரை நம்புவதில் இருக்கும் ஆபத்து தேயிலையோடும் வந்தது. 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. சில மாதங்களில் தடையைத் தளர்த்தினாலும், சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடியாகச் சரிந்தது. ஏற்கெனவே கடன் சுமை, சுற்றுலா வீழ்ச்சி. டாலர் தேவைப்பட்ட நேரத்தில் டாலர் தரும் பயிரும் குறைந்தது.

சரி, நமக்கு என்ன? ஐடி கம்பெனியில் சம்பளம், அதே கம்பெனி ஷேர், போதாததுக்கு ஐடி செக்டார் ஃபண்டில் எஸ்ஐபி, அந்தச் சம்பளத்தை நம்பி ஹோம் லோன். நாலும் ஒரே செடி!

மூணு வேலை செய்யுங்க:

1. அடையாறில் வாடகை, இஎம்ஐ, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 35,000 ரூபாய் கட்டாயச் செலவா? 6 மாதத்துக்கு 2,10,000 ரூபாயை எஃப்டியில் தனியா வையுங்க.

2. வேலை பார்க்கும் துறையிலேயே சேமிப்பையும் குவிக்காதீங்க. இண்டெக்ஸ் ஃபண்ட் மாதிரி பரவலா போடுங்க.

3. கம்பெனி தரும் மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். சொந்தமா ஒரு பாலிசி எடுங்க.

சம்பளம் ஒழுங்கா வரும்போதே ஆரம்பிங்க. உங்க 19 ஏக்கர் எது?