ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை

கலஹாப் பகுதியிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். கொழுந்து உருட்டும் ரோலரை இயக்கும் பட்டியின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டுள்ளது. "மூடியை நாளைக்குப் போடலாம், இப்போது பொறியை ஓட்டு" என்கிறார் மேற்பார்வையாளர். "மூடியைப் போட்டதும் ஓட்டுறேன் ஐயா" என்கிறார் தொழிலாளி. இது கீழ்ப்படியாமையா, உரிமையா?

சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 155ஆம் இலக்கச் சமவாயம் (1981) இதற்கு விடை தருகின்றது. தமது உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியானதும் பாரதூரமானதுமான ஆபத்து உள்ளது என நியாயமான காரணத்துடன் நம்பும் தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவருக்குத் தகாத விளைவுகள் ஏற்படக்கூடாது என 13ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆபத்தை அவர் உடனே மேற்பார்வையாளருக்கு அறிவிக்க வேண்டும். அது நீக்கப்படும் வரை அவரை அங்கு திரும்பச் செல்லுமாறு பணிக்க முடியாது. 2022 ஜூனில், பாதுகாப்பானதும் சுகாதாரமானதுமான வேலைச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அத்தாபனத்தினால் சேர்க்கப்பட்டது.

மாணவர்கள் இங்கு "உடனடியான", "நியாயமான" என்னும் இரு சொற்களையும் கவனிக்க வேண்டும். வேலை கடினமானது, சம்பளம் போதாது என்பன இவ்வுரிமையின் கீழ் வரமாட்டா. மூடியில்லாத பட்டி வரும். சட்டைக் கை ஒருமுறை சிக்கினாலே கை போய்விடும். ஆபத்து உண்மையில் நிகழ்ந்ததென நிரூபிக்க வேண்டியதில்லை. நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும்.

மறுக்க முடியாமற்போனால் என்ன நேரும்? பங்களாதேஷின் ரானா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23ஆம் திகதி வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டு மூடிக்கொண்டது. மேல்மாடி ஆடைத் தொழிலாளர்களோ மறுநாட் காலை வேலைக்கு ஏறும்படி பணிக்கப்பட்டனர். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிப்பைத் தொழிலாளரும் கண்டிருந்தனர். ஆனால் சம்பளத்தை இழக்க அவர்களால் முடியவில்லை. அதே ஆண்டு ஏற்பட்ட பங்களாதேஷ் பாதுகாப்பு உடன்படிக்கையில், ஆபத்தான கட்டடத்துள் நுழைய மறுத்தாலும் சம்பளம் குறைக்கப்படலாகாது என்ற விதி எழுதப்பட்டது. எனது கருத்தில், சம்பளம் பற்றிய இந்த வரி இல்லாவிடின் மறுக்கும் உரிமை வெறும் தாளில்தான் இருக்கும்.

நமது நாட்டிலும் இத்தகைய துயரம் உண்டு. 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதி இறப்பர் தொழிற்சாலை ஒன்றின் தொட்டியில் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்றச் சென்றவர்களும் நச்சுவாயுவுக்கு இரையாக, ஐவர் இறந்தனர். இத்தகைய தொட்டிக்குள் சுவாசக் கருவியும், கயிறு பிணைத்த இடைப்பட்டியும், வெளியே கயிற்றைப் பிடிக்க ஓர் ஆளும் இன்றி இறங்கச் சொன்னால், அது மறுக்கத்தக்க வேலையே.

இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பொறிகளின் ஆபத்தான பகுதிகளுக்கு மூடியிடுவதைத் தொழில் வழங்குநரின் கடமையாக்குகின்றது. ஆனால் மறுக்கும் உரிமைக்கென அதில் தனிப் பிரிவு கிடையாது; 1942ஆம் ஆண்டின் சிந்தனை அவ்வளவுதான். ஆகவே நமது தொழிலாளிக்குள்ள வழி வேறு. அவர் மறுப்பதற்கான காரணத்தை உடனே கூற வேண்டும். இயன்றால் எழுத்தில், இன்னொருவர் சாட்சியாக இருக்கக் கூறுவது நல்லது. தோட்டத் தலைவர் மூலம் தொழிற்சங்கத்துக்கும், தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கும் அறிவிக்கலாம். பொறியியலாளருக்குத் தொழிற்சாலைக்குள் சென்று சோதிக்கும் அதிகாரம் உண்டு. மறுத்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டால், 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபையை நாடலாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைச் சிலர் இங்கு எழுதுவர். அது விபத்து நேர்ந்த பின்னர் பயன்படுவது.

பரீட்சையில் பலர் இதனை வேலைநிறுத்தத்துடன் குழப்பிக்கொள்கின்றனர். வேலைநிறுத்தம் ஒரு கோரிக்கைக்காகக் கூட்டாகச் செய்யப்படுவது. இது ஒருவர் தனியாகவும் செய்யக்கூடியது. பட்டிக்கு மூடி போட்டவுடன் கலஹாத் தொழிலாளி ரோலரை ஓட்டத் தொடங்கிவிடுவார்.