சர்வர் மாறும், பாதை மாறாது

இரட்டைப்புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியபோது, கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். பாட்டைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. வெள்ளம் வந்து ஆறே தடம் மாறிவிட்டது என்கிறது தலக்கதை. கணினிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சொன்ன முகவரி பொய்க்காமலிருக்க அவர்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. புது வட்டு ஒன்றைச் சேர்க்க, மரத்திலுள்ள ஒரு கோப்புறையில் அதைப் பொருத்துவார்கள்; இதற்கு ‘மவுண்ட்’ என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களின் நடுவில் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். இதையே வலைப்பின்னலுக்கு நீட்டியது. ஆனால் எந்த சர்வரின் எந்தக் கோப்புறை என்பதை அந்தந்தக் கணினியிலேயே எழுதிவைக்க வேண்டும். சின்ன அலுவலகத்துக்கு அது போதும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. 5,000 கணினிகளுக்கு மேல் தாங்கும் ஒன்று அங்கே தேவைப்பட்டது. ஐ.பி.எம். துணையோடு ‘ஆண்ட்ரூ’ கோப்பு முறைமையை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் மகாதேவ் சத்தியநாராயணன்; சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் முதுநிலைப் பட்டம் பெற்றவர். முதல் மாதிரியில் கோப்புறைகள் சர்வரோடு பிணைந்து கிடந்தன. ஒரு சர்வர் நிரம்பினால் கோப்புகளை இன்னொன்றுக்கு நகர்த்துவது பெரும்பாடு.

அடுத்த வடிவத்தில் ‘வால்யூம்’ வந்தது. பெரும்பாலும் ஒருவருடைய கோப்புகள் மொத்தமும் ஒரு வால்யூம். அதற்கு ஒரு பெயர், ஓர் எண். மரத்தில் அது சேரும் இடத்தில் இருப்பதோ வெறும் துண்டுச்சீட்டு: ஒரு # குறி, வால்யூமின் பெயர், ஒரு புள்ளி. சர்வரின் பெயர் அதில் கிடையாது, சூட்சுமமே அதுதான். பயனரின் கணினி அந்த இடத்தை எட்டியதும், இந்த வால்யூம் இப்போது எங்கே என்று பொதுவான இருப்பிடப் பதிவேட்டைக் கேட்கும்; பதில் வந்ததும் அந்த சர்வரை நாடும். வால்யூமை இடம் மாற்றினால் பதிவேட்டில் மட்டும் திருத்தம் விழும். ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றையும் தொட வேண்டாம். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் மாணவருக்குத் தன் கோப்பு இன்னொரு சர்வருக்குப் போனதே பெரும்பாலும் தெரியாது. இந்தக் குழுவுக்கு 2016ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் முறைமை விருது கிடைத்தது. முப்பது வருடம் தாமதம் என்பேன்.

சர்வருக்குள் எட்டிப்பார்த்தால் இன்னொரு வேடிக்கை. அதுவும் யூனிக்ஸ்தானே? ஆனால் பழைய யூனிக்ஸ் சர்வர்களில் வால்யூமின் கோப்புகள் எந்தக் கோப்புறையிலும் பெயராகப் பதிவாகவில்லை. வட்டு தன் கோப்புகளுக்கு இடும் உள் எண்ணான ஐநோடு மூலமாகவே அவற்றை எடுத்தார்கள். வட்டைச் சரிபார்க்கும் வழக்கமான யூனிக்ஸ் நிரலை அங்கே ஓட்டிவிட்டால் வந்தது வினை: பெயரில்லாத கோப்புகளை அநாதை என்று முடிவுகட்டி வால்யூம்களை அப்புறப்படுத்திவிடும். அதனால் ஆண்ட்ரூவை நிறுவுகிறவர்கள் அந்த நிரலை எடுத்துவிட்டு, வால்யூம்களை அடையாளம் தெரிந்த வேறொன்றை அங்கே வைத்தார்கள்.