நீல மாத்திரையும் பொற்பதக்கமும்

ஒரு தேசம் தன் பிள்ளைகளை ஓடவும் நீந்தவும் பயிற்றுவது நல்ல காரியம். அதனை விஞ்ஞான முறைப்படி செய்வது அதனினும் நல்லது. ஆனால் அந்த நற்காரியத்தினுள்ளே வஞ்சனை புகுந்துவிடுமாயின், எது பயிற்சியின் பயன், எது வஞ்சனையின் பயன் என்று பின்னர் எவராலும் பிரித்துக் காட்ட இயலாது போகின்றது. இன்று உலகப் படத்தில் இல்லாத கிழக்கு ஜேர்மனி என்னும் நாட்டின் விளையாட்டு வரலாற்றை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு இதுவே காரணம்.

1972இல் மியூனிக் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே கிழக்கு ஜேர்மனிய நீச்சற் பெண்கள் ஒரு பொற்பதக்கமேனும் பெற்றாரல்லர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1976இல் மொன்றியலில், பெண்களுக்கான 13 நீச்சற் போட்டிகளில் 11இல் அவர்களே முதலிடம் பெற்றனர். கொர்னேலியா எண்டர் என்னும் 17 வயது நங்கை நான்கு பொற்பதக்கங்களை அணிந்துகொண்டார். விழா முடிவில் அந்நாடு பெற்ற பொற்பதக்கங்கள் 40. சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்த இடம்; அமெரிக்காவுக்கு முந்திய இடம். அதன் மக்கள் தொகையோ ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது இலட்சம்.

அந்த நீச்சற் குளத்தின் கரையிலே ஒரு பெண் மட்டும் வெளிப்படையாகச் சந்தேகத்தைக் கிளப்பினார். அவர் அமெரிக்காவின் ஷேர்லி பாபஷொவ். 200, 400, 800 மீற்றர் சுதந்திர நீச்சல் மூன்றிலும் கிழக்கு ஜேர்மனியருக்குப் பின்னால் இரண்டாமிடம். கலப்பு அஞ்சல் நீச்சலிலும் அவ்வாறே. அப்பெண்களின் தோள்களைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள் என்றார் அவர். தோற்றவரின் பொறாமைப் பேச்சென்று அதனை உலகம் தள்ளிவிட்டது. அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே அவருக்குச் ‘சிடுமூஞ்சி ஷேர்லி’ என்று பெயர் சூட்டின. குரலைப் பற்றிக் கேட்டபோது, தாங்கள் நீந்த வந்தவர்களேயன்றிப் பாட வந்தவர்களல்லர் என்று கிழக்கு ஜேர்மனியத் தரப்பார் ஒருவர் விடையிறுத்ததாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகின்றது. எல்லாரும் சிரித்தார்கள். தன் கடைசிப் போட்டியான அஞ்சல் நீச்சலில், மூன்று தோழியருடன் சேர்ந்து, பாபஷொவ் அவர்களை ஒருமுறை வென்றார். அவ்விழாவில் அமெரிக்க நீச்சற் பெண்கள் பெற்ற ஒரே பொன் அது.

இங்கு கிழக்கு ஜேர்மனியருக்கு நீதி செய்தல் வேண்டும். மருந்தொன்றினாலேயே அவர்கள் வென்றார்கள் என்பது உண்மையன்று. தொடக்க வகுப்புகளிலேயே பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளக்கப்பட்டன. ஓட்டமும் பாய்ச்சலும் குறித்துவைக்கப்பட்டன. தேறியவர்கள் சிறுவர் விளையாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கணிதமும் இலக்கியமும் பயிற்சி நேரத்துக்கு இசையவே கற்பிக்கப்பட்டன. பயிற்றுநரை உருவாக்க லைப்சிக் நகரில் 1950இல் உடற்கல்விக்கெனத் தனியாக ஓர் உயர்கல்லூரி தோன்றியது. பேர்லினுக்குக் கிழக்கேயுள்ள கீன்பாவும் என்னுமிடத்தில், மலையுச்சியின் மெல்லிய காற்றைச் செயற்கையாகப் பெறுவதற்கு நிலத்தின் கீழ் ஓர் அறையையே கட்டினார்கள். நான் ஆசிரியத் தொழிலில் இருந்தவன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்தப் பிள்ளை வேகமாக ஓடும் என்பதைக் கண்ணால் மதிப்பிடும் நமக்கு, இந்த ஒழுங்கைப் படிக்கையில் பெருமூச்சு எழாமற் போகாது.

அந்த ஒழுங்கேதான் வஞ்சனைக்கும் பயன்பட்டது. 1974இல் ஆளுங் கட்சியின் உயர் பீடம் மருந்து கொடுக்கும் வேலையை அரச திட்டமாகவே வகுத்தது. ‘அரச திட்டம் 14.25’ என்பது அதன் பெயர். யேனா நகரிலிருந்த அரச மருந்துத் தொழிற்சாலையான யேனாபாம் செய்த ஓரல் டுரினபோல் என்னும் மாத்திரையே அதன் முதன்மைக் கருவி. ஆண் சுரப்பினை ஒத்த செயற்கைப் பொருள் அது. தசையை வளர்க்கும், களைப்பை விரைவில் ஆற்றும். கோவைகளில் அதற்கு இட்ட பெயர் ‘துணைச் சாதனம்’. எத்துணை மங்கலமான பெயர்! பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர்க்கு அது விற்றமின் என்று சொல்லப்பட்டது. இத்திட்டத்துள் அகப்பட்டோர் தொகை பத்தாயிரம் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது.

அகப்படாமல் இருந்தது எங்ஙனம்? இவ்வகை மருந்துக்கான சோதனை ஒலிம்பிக் விழாவொன்றில் முதன்முதலாக நடந்ததே மொன்றியலிலேதான். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டால் சிறுநீரில் அடையாளம் தெரியாது. 1977இல் குண்டெறியும் வீராங்கனை இலோனா சுலுப்பியானெக் ஹெல்சிங்கியில் பிடிபட்டார். பன்னிரண்டு மாதத் தடைக்குப் பின் 1980இல் மொஸ்கோவில் பொன்னும் பெற்றார். அவர் பிடிபட்டது முதல், நாட்டை விட்டு வெளிச்செல்லுமுன் ஒவ்வொருவரையும் டிரெஸ்டன் அருகிலுள்ள கிறைசா ஆய்வுகூடம் சோதித்தது. தேறாதவருக்குத் திடீரெனக் ‘காயம்’ உண்டாகிவிடும். அவர் வீட்டிலே தங்கிவிடுவார். இந்த ஆய்வுகூடம் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்றது. கள்வனைப் பிடிக்க வைத்த காவலன், கள்வனுக்கு வழி காட்டினான்.

உண்மை வெளிவந்தது எதிரிகளின் வாயாலன்று. அந்த அரசின் காகிதங்களால். பேர்லின் சுவர் வீழ்ந்த பின், 1990இல், ஹைடல்பேர்க் நகரத்து விஞ்ஞானி வேர்ணர் பிராங்கே இராணுவ வைத்தியக் கழகமொன்றில் மறைத்துவைக்கப்பட்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கண்டெடுத்தார். அவருடைய மனைவி பிறிகிற்றே பெரெண்டொங், முன்னாள் வட்டெறி வீராங்கனை, அவற்றை ஆதாரமாகக் கொண்டு 1991இல் நூல் வெளியிட்டார். யாருக்கு, எந்த ஆண்டில், எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். அந்த வஞ்சனையை ஆராய்ந்து சிலர் கலாநிதிப் பட்டமும் பெற்றிருந்தனர். படிப்பாளிகள் என்று நம்மை எண்ணிக்கொள்ளும் நாம் இந்த இடத்தில் சற்றுத் தலைகுனியலாம்.

2000 யூலையில் பேர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மன்பிரட் எவால்டுக்கு 22 மாதமும், வைத்தியர் மன்பிரட் ஹோப்னருக்கு 18 மாதமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. வழக்கிலே சாட்சி சொன்னவர்களுள் அன்ட்றேயாஸ் கிறீகர் ஒருவர். 1986இல் ஹைடி என்ற பெயருடன் பெண்கள் குண்டெறிதலில் ஐரோப்பிய முதன்மை பெற்றவர். பதினாறு வயது முதல் மாத்திரை விழுங்கியவர். 1997இல் ஆணாக மாறியவர். தான் யார் என்பதைத் தானே கண்டறியும் வாய்ப்பைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பதே அவர் கூறும் குறை.

இந்தக் கதையில் என்னை மிக வருத்துவது பதக்கமன்று. மாணாக்கர் நம் கையிலிருந்து எதையும் வாங்கிக்கொள்வர். ஏன் என்று கேளார். தாய் தந்தையர் பயிற்றுநரிடம் பிள்ளையை ஒப்படைத்தது அந்த நம்பிக்கையினாலேயே. அங்கே களவாடப்பட்டது அதுதான். பாபஷொவின் சந்தேகம் முழு உண்மை. ஆனால் அவருடன் நீந்திய சிறுமியரோ அதனை அறியார்.

ஆகவேதான் நீதி வழங்குவது இத்துணைக் கடினமாயிற்று. மொன்றியற் பெறுபேறுகளைத் திருத்துமாறு அமெரிக்க ஒலிம்பிக் குழு வேண்டியபோது, 1998இல், அனைத்துலகக் குழு மறுத்துவிட்டது. நம் நாட்டு அனுபவம் வேறு. 2000இல் சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற வெண்கலம், முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் 2007இல் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால், 2009இல் வெள்ளியாயிற்று. தனியொருவர் ஏமாற்றினால் பட்டியல் திருந்துகின்றது. ஓர் அரசே ஏமாற்றியிருந்தால், அதன் காகிதங்களே சாட்சி சொன்னாலும், பட்டியல் அசைவதில்லை. இதனை நான் நியாயமென்று கொள்ளேன். ஆயினும் அறியாது விழுங்கிய பெண்ணிடம் சென்று பதக்கத்தைக் கழற்றித் தா என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

சந்தேகத்தின் நிழல் இன்னும் நீண்டே கிடக்கின்றது. 1985இல் கன்பெராவில் மரீற்றா கொக் 400 மீற்றரை 47.60 விநாடியில் ஓடினார். 2025இல் டோக்கியோவில் அமெரிக்காவின் சிட்னி மக்லோக்லின்-லெவ்றோன் 47.78இல் ஓடியபோதும் அந்தச் சாதனை வீழவில்லை. கொக் எந்தச் சோதனையிலும் குற்றங்காணப்படவில்லை. அதுவும் அந்த நாட்டுச் சோதனைகளைப் பற்றி நாம் அறிந்ததும் சேர்ந்தே ஏட்டில் நிற்கின்றன.

இனெஸ் கைப்பல் எடுத்த முடிவு வேறு. 1984இல் யேனா நகரக் கழக அணியில் ஓடி, 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் கழகங்களுக்கான சாதனை நிலைநாட்டிய நால்வருள் ஒருவர் அவர். பின்னர் மேற்கே தப்பிச் சென்று எழுத்தாளராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். தமக்கு மருந்து கொடுக்கப்பட்டதை அறிந்தபின், சாதனையிலிருந்து தம் பெயரை நீக்கிவிடுமாறு 2005இல் அவரே கேட்டுக்கொண்டார். ஜேர்மனிய மெய்வல்லுநர் சங்கம் இசைந்தது. மூன்று பெயர்கள் இருந்தபடியே இருக்க, அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை அச்சிட்டார்கள்.