என்சைம் சரியாக இருந்தால் போதுமா?

லைனாஸ் ரேர் எர்த் (அருமண்) ஆலைக்கு 2023 அக்டோபரில் திருத்திக் கொடுத்த உரிமம் 2026 மார்ச் 2 வரைக்கானது. ஆலை இருப்பது பகாங், கெபெங்கில். எனக்குக் கடிதங்கள் வருவதோ ஈப்போ அருகே லாஹாட், பாப்பான் பக்கத்திலிருந்தும், ரப்பர் தோட்டம் போய்த் தாமானாகிவிட்ட இடங்களிலிருந்தும். புக்கிட் மேரா இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. அங்கிருந்த ஆசியன் ரேர் எர்த் ஆலையை மூடச் சொல்லி 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அடுத்த மாதமே நிறுவனம் தானாக மூடிக்கொண்டது.

பலர் கேட்பது இதுதான்: ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் சரியாக இருந்தால், கதிர்வீச்சு நம்மைத் தொடவில்லை என்று அர்த்தமா?

இல்லை. என்சைமைக் கதிர்வீச்சால் கெடுப்பது லேசில்லை. நெடுநாள் கெடாமலிருக்க இறைச்சிக்கு 45,000 கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) வரை கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. கிருமி செத்துவிடும், தசையிலுள்ள என்சைம்கள் பிழைத்துக் கறியைக் குழைய வைத்துவிடும். அதனால் முதலிலேயே 70 டிகிரிக்கு மேல் சூடாக்கி அவற்றை ஒழிக்கிறார்கள். மனிதருக்கோ உடல் முழுக்க ஏறக்குறைய 4 கிரே பட்டாலே, சிகிச்சை இல்லையென்றால், பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள்.

செல்லில் ஒரே என்சைம் ஆயிரக்கணக்கில் இருக்கும்; நாலு உடைந்தால் நாலு புதிதாக வரும். மரபணுவுக்கு இரண்டே பிரதி. இந்த ஆலைகளின் கழிவிலுள்ள தோரியம் விடும் ஆல்ஃபா துகள் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பக்கம் பக்கமாக அறுக்கிறது. அறுந்ததை ஒட்டுவதும் என்சைம்தான். அது சுறுசுறுப்பாகவே ஒட்டுகிறது, சில சமயம் சேரக்கூடாத முனைகளை. என்சைம் நலமாக இருக்க, அதன் கையாலேயே பிழை செல்லில் நிலைத்துவிடுகிறது. என்னை உறுத்துவது இந்த இடம்தான். ரத்தத்தில் ஈரல் என்சைம் ஏறுவது பெரும்பாலும் செல் சிதைந்து கசியும்போது. பிழையோடு உயிர் வாழும் செல் எதையும் கசியவிடாது; ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

'பாதுகாப்பான அளவு' என்று அதிகாரிகள் சொல்லும் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், இவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்று தீர்மானித்துப் போட்ட கோடு. அதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று, அந்த வரம்பைப் பரிந்துரைத்த சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லவில்லை.

இன்னும் சில கேள்விகள். கதிர்வீச்சு கொடுத்த இறைச்சியில் கதிரியக்கம் தங்குமா? தங்காது.

புக்கிட் மேரா கழிவு இப்போது எங்கே? கிளேடாங் மலைக் கிடங்கில்.

தோரியம் எப்போது பாதியாகும்? 1,400 கோடி ஆண்டில்.

ஈரல் என்சைமைத் தவிர வேறு பரிசோதனை உண்டா? உடைந்து தப்பாக ஒட்டிய குரோமோசோம்களை எண்ணலாம், ஏறக்குறைய 0.1 கிரேக்குக் கீழே அதுவும் கைவிரிக்கும்.